சந்தையும் திடலும் – அயல்நாட்டு மாணவர்க்கு நாம் திறக்க வேண்டிய வாயில்கள்

கல்வி என்பது வகுப்பறையின் நான்கு சுவர்களுக்குள் முடிந்துவிடுவதன்று. இவ்வுண்மையை நாம் மேடைதோறும் முழங்குகிறோம், மலர்தோறும் எழுதுகிறோம். ஆயினும், கடல் கடந்து நம்மிடம் கற்க வரும் ஒரு மாணவனை நாம் எங்கெங்கே அழைத்துச் செல்கிறோம்? சேர்க்கை அலுவலகத்திற்கு அழைத்துச் செல்கிறோம், விடுதி அறையைக் காட்டுகிறோம், நூலகத்தில் உறுப்பினனாக்குகிறோம். அத்துடன் நம் கடமை நிறைவுற்றதாக எண்ணிக்கொள்கிறோம். அவனை ஊர்ச் சந்தைக்கு அழைத்துச் செல்வார் அரியர். மாலை வேளையில் நம் பிள்ளைகள் ஆடும் திடலில் அவனுக்கும் ஓர் இடம் ஒதுக்குவார் அவரினும் அரியர்.

ஓர் ஊரை அறிவதற்கு அவ்வூரின் சந்தையையும் விளையாட்டுத் திடலையும் விடச் சிறந்த பள்ளிக்கூடம் வேறில்லை என்பதே இக்கட்டுரையின் கருத்து. அப்பள்ளிக்கூடத்தின் கதவு வெளியிலிருந்து திறப்பதன்று. உள்ளே இருப்பவர்களே திறந்துவிட வேண்டும். எனவே, இது வந்தவனின் கடமையைப் பற்றிய கட்டுரை மட்டுமன்று. இருப்பவர்களாகிய நம் கடமையைப் பற்றியதும் ஆகும். இதற்கு நான் பிறந்து வளர்ந்த புதுச்சேரி நகரையே சான்றாகக் கொள்கிறேன்.

வாய்க்காலைக் கடந்தவர்கள்

புதுச்சேரியின் நடுவே வடக்குத் தெற்காக ஓடுகிறது பெரிய வாய்க்கால். பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்தில் அதற்குக் கிழக்கே கடலோரமாக இருந்தது வெள்ளையர் நகர். மேற்கே இருந்தது தமிழர் நகர். ஆட்சி மாற்றம் 1954ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளில் நடந்தேறியது. 1962ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ஆம் நாள் அது சட்டப்படி முழுமை பெற்றது. கொடி மாறியது, வீதிகளின் பெயர்களும் பல மாறின. வாய்க்கால் மட்டும் அவ்விடத்திலேயே இருக்கிறது.

ஆட்சி கைமாறியதை அடுத்து, 1955இல், இந்நகரில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தொடங்கப்பெற்றது. அதன் முதல் இயக்குநர் ழான் ஃபிலியோசா. அந்நாள் தொட்டு, தமிழையும் வடமொழியையும் தென்னகத்தின் வரலாற்றையும் தாவர வளத்தையும் ஆராய்வதற்காக அயல்நாட்டு ஆய்வாளரும் மாணவரும் இங்கு வந்துகொண்டே இருக்கின்றனர். பரிபாடலைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்து 1968இல் வெளியிட்ட ஃபிரான்சுவா குரோ போன்ற அறிஞர்களுக்கு இந்நகர் இரண்டாம் தாயகமாக விளங்கியது. காலாப்பட்டில் 1985இல் நிறுவப்பட்ட புதுவைப் பல்கலைக்கழகம் வேறு பல நாட்டு மாணவர்களையும் இங்கு வரவழைத்தது.

இவ்வாறு வருவோரை நெடுங்காலமாகக் கவனித்து வந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். அவர்களுள் இரு வகையினர் உண்டு. ஒரு வகையினர் வாய்க்காலுக்குக் கிழக்கேயே தங்கி, கிழக்கேயே உண்டு, கிழக்கேயே தம் நாட்டாருடன் பேசிவிட்டு நாடு திரும்புவோர். மற்றொரு வகையினர் வாய்க்காலைக் கடந்து மேற்கே வருவோர். கடலோரத்து ஆய்வு நிறுவனத்திலிருந்து பெரிய மார்க்கெட்டுக்கு நடந்தால் கால் மணி நேரம்கூட ஆகாது. அந்தக் கால் மணி நேரத்து நடையே இவ்விரு வகையினரையும் பிரிக்கிறது.

இந்நகருக்கு அயலாரும் புதியவரல்லர். அயலார் நாடிவந்த சந்தையும் புதியதன்று. நகருக்குத் தெற்கே சில கல் தொலைவில், அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ள அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு செய்தார். உரோமானிய நாட்டு மதுச்சாடிகளின் உடைசல்களும் இத்தாலிய மெருகுப் பாண்டங்களின் ஓடுகளும் அங்கே கிடைத்தன. தமிழி எழுத்துப் பொறித்த பானையோடுகளும் அதே மண்ணில் கிடைத்தன. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இம்மண்ணில் இரு நாட்டுப் பொருள்கள் கைமாறின என்பதற்கு இவை சான்று. பட்டினப்பாலையும் சிலப்பதிகாரமும் புகார் நகரைப் பேசும்போது, வேற்றுமொழி மாந்தர் அங்குக் கலந்து வாழ்ந்ததைச் சிறப்பாக எடுத்துக் கூறுகின்றன. மதுரைக்காஞ்சியோ பகலில் கூடும் நாளங்காடியையும் இரவில் கூடும் அல்லங்காடியையும் விரித்துரைக்கிறது. நம் பழந்தமிழ்ப் புலவர்கள் ஒரு நகரின் பெருமையைச் சொல்லப் புகுந்தால் அரண்மனையோடு நில்லாது அங்காடிக்குள்ளும் நுழைந்தார்கள் என்பதை நாம் கருத வேண்டும்.

அங்காடி தரும் பாடம்

நேரு வீதிக்கும் ரங்கப்பிள்ளை வீதிக்கும் இடையே பரந்து கிடக்கிறது பெரிய மார்க்கெட். புதுச்சேரியின் முதல் முதலமைச்சராக விளங்கிய எதுவார் குபேர் பெயரைத் தாங்கி நிற்பது அது. காய்கறி, பழம், பூ, மளிகை, பாத்திரம், மீன் என ஒவ்வொன்றுக்கும் அங்குத் தனித்தனி வரிசை உண்டு. ஞாயிறுதோறும் மகாத்மா காந்தி வீதியில் கூடும் சந்தை வேறு. ஆடைகளும் வீட்டுச் சாமான்களும் பழைய நூல்களும் அங்கே தெருவோரத்தில் குவிந்து கிடக்கும்.

தமிழ் கற்க வந்த பிரெஞ்சு மாணவி ஒருத்தியைச் சில திங்கள் நான் அறிவேன். இலக்கணத்தில் அவள் கெட்டிக்காரி. வேற்றுமை உருபுகளைப் பிழையின்றி ஒப்பிப்பாள். எனினும், மார்க்கெட்டில் முதன்முதலாக வாய் திறந்தபோது, "அம்மையீர், இதன் விலை யாது?" என்று கேட்டாள். மீன்கார அம்மையார் ஒரு கணம் திகைத்து, பின் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டார். அச்சிரிப்பில் ஏளனம் இல்லை. "அக்கான்னு கூப்புடு கண்ணு, எவ்ளோன்னு கேளு" என்று அவரே திருத்தினார். ஆண்டு முழுதும் நான் நடத்தியிருக்கக்கூடிய ஒரு பாடத்தை அவர் அரை நிமிடத்தில் நடத்தி முடித்தார்.

அப்பாடத்தை எண்ணிப் பாருங்கள். பிரெஞ்சு மொழியிலும் 'நீ', 'நீங்கள்' என்ற வேறுபாடு உண்டு. ஆதலால் அவ்வேறுபாடு அம்மாணவிக்கு எளிதில் விளங்கிற்று. ஆனால், முன்பின் அறியாத ஒருவரை அக்கா என்றும் அண்ணன் என்றும் அழைத்து, உறவு கொண்டாடிய பிறகே பொருளை விலை பேசுவது அவள் நாட்டு வழக்கமன்று. அங்கே கடைக்குள் நுழைந்ததும் வணக்கம் கூறுவது கட்டாயம்; உறவுமுறை சொல்வது இல்லை. இங்கோ உறவே வணக்கம். இவ்வேற்றுமையை எந்த இலக்கண நூலும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை.

தொடர்ந்து ஒவ்வொரு வாரமும் அவள் சொற்களைச் சேர்த்துக்கொண்டு வந்தாள். மீனையும் காயையும் நிறுக்காமல் பங்கு பங்காகக் குவித்து வைப்பது 'கூறு' என்பது. பூவை நிறுப்பதில்லை, கையால் 'முழம்' போடுவது என்பது. காலையில் நடக்கும் முதல் விற்பனை 'போணி' என்பதும், அவ்வேளையில் கடுமையாகப் பேரம் பேசிவிட்டு வாங்காமல் போவது கடைக்காரர் மனத்தைப் புண்படுத்தும் என்பதும். எல்லாவற்றினும் மேலாக, 'கொசுறு'. வாங்கிய காய்க்கு மேல், கேளாமலே பையில் போடப்படும் ஒரு கொத்துக் கறிவேப்பிலை. "கணக்கு முடிந்த பிறகு ஏன் இன்னும் தருகிறார்கள்?" என்று என்னைக் கேட்டாள். நாளையும் வா என்பதற்கான அழைப்பு அது என்றேன். அவள் தன் குறிப்பேட்டில் அச்சொல்லை எழுதி அடிக்கோடிட்டுக்கொண்டாள். வாணிகத்திற்குள்ளும் ஈகைக்கு ஓர் இடம் வைத்திருக்கும் சமுதாயம் இது என்பதை அவள் அறிந்துகொண்டது கறிவேப்பிலையின் வழியாகத்தான்.

வெறும் வேடிக்கை பார்ப்பதற்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. படப்பெட்டியைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு வந்து, மீன்காரரின் முகத்தைக் கேளாமலே படம் பிடித்துக்கொண்டு போவோரும் சந்தைக்கு வருகின்றனர். அவர்களுக்குச் சந்தை ஒரு காட்சி. அங்குள்ள மனிதர்கள் அக்காட்சியின் வண்ணங்கள். அவர்கள் ஒன்றும் கற்பதில்லை. விலை கேட்டு, ஏமாந்து, திருந்தி, மறுவாரம் அதே கடைக்கு மீண்டும் வருபவனே கற்கிறான். கடைக்காரர் அவன் பெயரைக் கேட்கும் நாளே அவனுக்குப் பட்டமளிப்பு நாள்.

கால் ஊன்றி ஆடும் ஆட்டம்

சந்தைக்கு அடுத்தது திடல். புதுச்சேரியில் நம் தமிழர் பெருவிருப்போடு ஆடும் ஓர் ஆட்டம் உண்டு. அதன் பெயர் பெத்தாங்க். தென் பிரான்சில் லா சியோத்தா என்னும் கடற்கரை ஊரில், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது தோன்றியது. அதற்கு முன்பிருந்த குண்டாட்டத்தில், வீசுபவர் சில அடிகள் ஓடி வந்து வீச வேண்டும். நன்றாக ஆடிவந்த ழுயில் லெனுவார் என்பவர் மூட்டு நோயால் ஓட இயலாதவரானார். அவரை ஓரத்தில் உட்கார்த்திவிட்டுத் தாம் மட்டும் ஆட நண்பர்களுக்கு மனம் வரவில்லை. எல்லாரும் நின்ற இடத்தில் நின்றே வீசுவோம் என்று ஆட்டத்தின் விதியையே மாற்றிக்கொண்டார்கள் என அதன் பிறப்பைக் கூறுகின்றனர். அப்பகுதி மக்களின் வட்டார மொழியில் 'கால்களை ஊன்றி' எனப் பொருள்படும் தொடரே பெத்தாங்க் எனத் திரிந்தது.

ஆட்டம் எளியது. தரையில் ஒரு சிறு வட்டம். அதனுள் இரு கால்களையும் ஊன்றி நிற்க வேண்டும். ஆறு முதல் பத்து மீட்டர் தொலைவில் ஒரு சிறிய மரக்குண்டு. அதற்கு மிக அருகில் தன் இரும்புக் குண்டைச் சேர்ப்பவர் வெல்வார். எதிரியின் குண்டை அடித்து விலக்குவதும் ஆட்டத்தில் அடங்கும். முதலில் 13 புள்ளி எடுத்த அணிக்கு வெற்றி. ஓட வேண்டா; பெருந்திடல் வேண்டா; சீருடை வேண்டா. மர நிழலும் மண் தரையும் போதும்.

இவ்வாட்டத்தை இங்கு வளர்த்தவர்களுள் பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வுபெற்ற நம் தமிழர்கள் குறிப்பிடத்தக்கவர்கள். 'சொல்தா' என்று ஊரார் அவர்களை அழைப்பர். அவர்களிடம் குண்டெறியக் கற்ற உள்ளூர் இளைஞர் பலர். மாலையில் ஒரு பெத்தாங்க் ஆட்டத்தின் ஓரத்தில் நின்று பாருங்கள். எழுபது வயதுப் பெரியவரும், தானி ஓட்டும் இளைஞரும், பாரிசிலிருந்து வந்த மாணவனும் ஒரே குண்டின் தொலைவைக் குனிந்து அளந்துகொண்டிருப்பார்கள். அளவில் ஐயம் வந்தால் வாக்குவாதம் எழும். அவ்வாக்குவாதத்தில் தமிழும் பிரெஞ்சும் ஒரே வாக்கியத்தில் கலந்து புரளும். அயலவன் விருந்தினன் என்பதற்காக யாரும் அவனுக்குப் புள்ளியை விட்டுக்கொடுப்பதில்லை. விட்டுக்கொடுக்காத அந்தச் சமநிலையே அவனுக்குக் கிடைக்கும் உண்மையான வரவேற்பு என்பது என் கருத்து.

ஓட முடியாத ஒரு நண்பனுக்காக விதியை மாற்றிக்கொண்டவர்களின் ஆட்டம் இது. நம் விடுதித் திடல்களில் ஆடுவோர், மொழி தெரியாத ஒரு நண்பனுக்காக எதை மாற்றிக்கொள்கிறோம்?

நான் பட்ட வெட்கம்

இக்கேள்வியைப் பிறரைக் குறைகூறுவதற்காக நான் எழுப்பவில்லை. பல ஆண்டுகளுக்கு முன், வேறோர் ஊரில் ஒரு கல்லூரியில் பணியாற்றி வந்தேன். ஆப்பிரிக்க நாடு ஒன்றிலிருந்து வந்த மாணவன் ஒருவன் அங்கு மூன்றாண்டுகள் பயின்றான். நன்கு படித்தான், பண்போடு நடந்துகொண்டான். ஒவ்வொரு மாலையும் அவன் அறைச் சன்னலுக்குக் கீழே மாணவர்கள் மட்டைப்பந்து ஆடுவார்கள். அவன் நாட்டில் மட்டைப்பந்து இல்லை; கால்பந்தே அவனுக்குத் தெரிந்த ஆட்டம். சன்னலில் நின்று அவன் பார்த்துக்கொண்டிருப்பதை நானும் பலமுறை கண்டிருக்கிறேன். "வா, கற்றுத்தருகிறோம்" என்று யாரும் கூப்பிடவில்லை. "நீ ஆடும் கால்பந்தை எங்களுக்குக் கற்றுக்கொடு" என்று யாரும் கேட்கவில்லை. கடைத்தெருவுக்கு அவன் தனியாகப் போவான். சிறுவர்கள் அவன் நிறத்தைச் சொல்லிக் கூவுவார்கள். நாளடைவில் போவதையும் நிறுத்திக்கொண்டான்.

பிரிவு விழாவில் மூன்றாண்டு அனுபவத்தைச் சொல்லுமாறு அவனைக் கேட்டார்கள். ஆசிரியர்களுக்கு நன்றி கூறினான். பிறகு அமைதியாக, "மூன்றாண்டுகள் இந்த ஊரில் வாழ்ந்தேன்; ஒரு வீட்டிற்குள்ளும் நான் போனதில்லை" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு அமர்ந்தான். அவன் குறையாகச் சொல்லவில்லை. ஒரு செய்தியாகவே சொன்னான். அரங்கில் சிலர் கை தட்டினார்கள். அவன் நுழையாத அவ்வீடுகளுள் என் வீடும் ஒன்று என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. விருந்தோம்பல் அதிகாரத்தை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்திவந்தவன் நான். அன்றைய வெட்கம் இன்றும் தீரவில்லை. இக்கட்டுரை அவ்வெட்கத்திலிருந்து பிறந்தது எனலாம்.

நம் முன்னோர் சென்ற வழி

நாமும் பிற நாட்டுச் சந்தைகளில் அயலாராய் நின்றவர்களே என்பதை நம் சமுதாயப் பெரியவர்கள் நன்கறிவர். சோழமண்டலக் கடற்கரையிலிருந்து கப்பலேறிய நம் மரக்காயர், சூலியா வணிகர்களின் நினைவாகப் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் இன்றும் சூலியா வீதிகள் உள்ளன. பினாங்கில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளிலிருந்து பிரெஞ்சு இந்தோசீனாவுக்குச் சென்ற நம்மவர் சைகோன் நகரில் துணிக்கடைகள் வைத்தனர். தென்னிந்திய முஸ்லிம்கள் 1935இல் கட்டிய பள்ளிவாசல் அந்நகரின் நடுவே இன்றும் நிற்கிறது. அங்கிருந்து திரும்பியோர் கொண்டுவந்த 'சாயோ' என்னும் சுருள் பலகாரம் இன்று புதுச்சேரிக்காரரின் சொந்தப் பலகாரமாகிவிட்டது.

அவர்கள் அந்நாட்டு மொழிகளைக் கற்றது எந்தப் பள்ளியில்? மலாயையும் வியத்நாமியத்தையும் அவர்கள் சந்தையில் கற்றார்கள். அங்குள்ளோர் கற்றுக்கொடுத்தார்கள். ஆனந்தரங்கப் பிள்ளை வாழ்ந்த 18ஆம் நூற்றாண்டில், இரு மொழியறிந்து இரு தரப்பாரையும் இணைத்தவரைத் 'துபாசி' என்றனர். சந்தையும் துறைமுகமுமே துபாசிகளை உருவாக்கிய கல்லூரிகள்.

மாணவராக அயல்நாடு சென்றவர்களுள் காந்தியடிகளின் அனுபவம் நாம் அனைவரும் கற்கத்தக்கது. 1888இல் சட்டம் பயில இலண்டன் சென்ற அவர், முதலில் ஆங்கிலக் கனவானைப் போலாக வேண்டும் என்று உடை தைத்தார், நடனம் கற்றார், பிடில் வாங்கினார். அவையெல்லாம் அவருக்கு ஒரு நண்பரையும் தேடித் தரவில்லை, விரைவில் கைவிட்டார். தாய்க்குக் கொடுத்த வாக்கின்படி புலால் இல்லாத உணவைத் தேடித் தெருத்தெருவாக அலைந்தபோது, ஃபாரிங்டன் வீதியில் ஒரு சைவ உணவகத்தைக் கண்டார். அந்த உணவகம் அவரைச் சைவ உணவாளர் சங்கத்திற்கு அழைத்துச் சென்றது. அச்சங்கம் நண்பர்களைத் தந்தது. முதன்முதலாக எழுதவும் பொதுப்பணி ஆற்றவும் அங்கேதான் பழகினார். பிறரைப் போல நடிப்பதால் அயல்நாடு நமக்குத் திறப்பதில்லை. நாம் நாமாகவே இருந்து, அவர்களோடு உண்ணவும் உழைக்கவும் ஆடவும் தொடங்கும்போதே திறக்கிறது.

தடைகளும் விடைகளும்

"படிக்க வந்தவன் படிக்கட்டும், கடைத்தெருவும் ஆட்டமும் காலத்தைப் பாழாக்கும்" என்று கூறும் பெரியோர் உளர். அவர்கள் அச்சத்தில் பொருளுண்டு. பெற்றோர் நகையை அடகு வைத்து அனுப்பிய பிள்ளை, நூலகத்தை மறந்து ஊர் சுற்றினால் அது பிழையே. எனினும், தனிமை மாணவனின் காலத்தை அதனினும் மிகுதியாகத் தின்கிறது என்பதை விடுதிக் காப்பாளராயிருந்தோர் அறிவர். அறைக்கதவைச் சாத்திக்கொண்டு சுவரைப் பார்த்துக் கிடப்பவன் படிப்பதில்லை. மாலையில் ஒரு மணி நேரம் வியர்க்க ஆடி, நான்கு பேருடன் சிரித்துவிட்டு வருபவனே இரவில் நூலை விரிக்கிறான்.

இரண்டாவது தடை பாதுகாப்பு, குறிப்பாகப் பெண்களுக்கு. இதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. மேற்சொன்ன பிரெஞ்சு மாணவியும் சந்தையில் முறைத்த பார்வைகளையும் வேண்டாத பேச்சுகளையும் பொறுத்திருக்கிறாள். அதைத் தடுத்தவரும் அந்த மீன்கார அம்மையாரே, "என் பொண்ணுகிட்ட என்னடா பேச்சு?" என்று அவர் போட்ட ஓர் அதட்டலில் கூட்டம் கலைந்தது. பெண்ணை வீட்டிற்குள் நிறுத்துவது பாதுகாப்பன்று. வெளியே அவளுக்கு உறவுகளை உண்டாக்கித் தருவதே பாதுகாப்பு. முதல் சில வாரம் நம் மாணவியர் இருவர் உடன் சென்றால் அவ்வுறவு விரைவில் அமையும்.

மூன்றாவதாக, "அவர்கள் எண்ணிக்கை மிகச் சிறிது, இதற்கென ஏற்பாடு எதற்கு?" என்பர். அகில இந்திய உயர்கல்வி ஆய்வறிக்கையின்படி 2019–20ஆம் கல்வியாண்டில் இந்தியாவில் பயின்ற அயல்நாட்டு மாணவர்கள் 49,348 பேர். அவர்கள் 168 நாடுகளிலிருந்து வந்தவர்கள். நேபாளத்தவர் முதலிடத்திலும் ஆப்கானியர் அடுத்த இடத்திலும் இருந்தனர். நம் நாட்டின் அளவுக்கு இது சிறு தொகைதான். இதற்கு மாறாக, அயல்நாடுகளில் பயிலும் நம் மாணவர் தொகை 2024இல் 13 இலட்சத்தைத் தாண்டியது. அப்பதின்மூன்று இலட்சம் பிள்ளைகளும் ஏதோ ஓர் ஊரின் சன்னலில் நின்று யாரோ ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். அவர்களை யாரேனும் கீழே அழைக்க வேண்டும் என்று நாம் விரும்புகிறோம் அல்லவா? அவ்விருப்பத்திற்கு நமக்கு உரிமை உண்டாவது, நம் சன்னலில் நிற்பவனை நாம் அழைக்கும்போதுதான்.

செய்யத்தக்கவை

குறை கூறுவதோடு நில்லாமல், நம்மால் இயன்ற சிலவற்றை எடுத்துரைக்க விழைகிறேன்.

மாணவச் செல்வங்களே! உங்கள் வகுப்பிலோ விடுதியிலோ அயல்நாட்டு மாணவர் ஒருவர் இருந்தால், வரும் ஞாயிறன்று நீங்கள் காய் வாங்கச் செல்லும்போது அவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். விலையை நீங்கள் பேசாதீர்கள். அவரையே பேச விடுங்கள். பிழையாகப் பேசினால் சிரியுங்கள். அவரும் சிரிக்கும்படி சிரியுங்கள். திடலில் அவருக்குத் தெரிந்த ஆட்டத்திற்கு வாரத்தில் ஒரு நாள் ஒதுக்குங்கள். கால்பந்து உலகெங்கும் புரியும் மொழி. ஆப்கானிய நண்பர்களிடம் மட்டைப்பந்தைப் பற்றிப் பேச்செடுத்துப் பாருங்கள். அவர்கள் நாட்டு அணி தன் முதல் டெஸ்ட் ஆட்டத்தை 2018இல் நம் பெங்களூருவில்தான் ஆடியது. நம் கபடியை அவர்களுக்குக் கற்றுக்கொடுங்கள். மூச்சை அடக்கிப் பாடிவரச் சொல்லித்தருவதைக் காட்டிலும் நல்ல ஒலிப்புப் பயிற்சி தமிழுக்கு வேறில்லை.

நீங்கள் நாளை அயல்நாடு செல்லும்போதும் இதே நெறியைக் கைக்கொள்ளுங்கள். நம்மவர் நால்வர் ஒரே அறையில் தங்கி, நம் உணவையே சமைத்து, நம் திரைப்படத்தையே பார்த்துக் காலம் கழித்தால், கடல் கடந்தும் வாய்க்காலைக் கடவாதவர்களாகவே திரும்புவீர்கள். அவ்வூர்ச் சந்தையில் ஒரு கடைக்காரரையாவது பெயர் சொல்லி அறியுங்கள். அவர்கள் ஆட்டம் ஒன்றையாவது தோற்கத் தோற்க ஆடுங்கள். உணவிலும் ஒழுக்கத்திலும் உங்கள் நெறி எதுவோ அதை விட்டுக்கொடுக்காமலே இவற்றைச் செய்ய முடியும் என்பதற்குக் காந்தியடிகளின் மாணவப் பருவம் சான்று.

ஆசிரியப் பெருமக்களே! அயலவர்க்குத் தமிழ் கற்பிக்கும்போது வாரத்தில் ஒரு வகுப்பைச் சந்தையில் நடத்தலாம். 'கூறு', 'முழம்', 'போணி', 'கொசுறு' ஆகிய சொற்கள் வாழும் இடத்திலேயே அவற்றைக் கற்பிப்பது, கரும்பலகையில் எழுதிப் போடுவதினும் எளிது. அவர்கள் சேர்த்துவரும் சொற்களைத் தொகுத்தால் நம் துறைக்கு ஒரு வட்டார வழக்குச் சொற்றொகுதியும் கிடைக்கும். நாமே கேட்டும் கேளாமல் விட்ட சொற்களை அயலவர் காது பிடித்துத் தரும்.

சமுதாயப் பெரியோர்களே! உங்களிடம் நான் வேண்டுவது ஒன்றே. நோன்புப் பெருநாளிலோ பொங்கலிலோ தீபாவளியிலோ, உங்கள் தெருவுக்கு அருகில் தங்கிப் படிக்கும் ஓர் அயல்நாட்டுப் பிள்ளையை வீட்டிற்கு அழையுங்கள். பெரிய விருந்து வேண்டா. வீட்டில் உள்ளது போதும். முல்லா வீதி வீடுகளின் திண்ணைகள் ஒரு காலத்தில் வழிப்போக்கருக்காகவே கட்டப்பட்டவை. திண்ணைகள் குறைந்துவிட்டன, வாயில்கள் இன்னும் உள்ளன.

நிறைவாக

1325இல் தன் 21ஆம் வயதில் தாஞ்சியர் நகரிலிருந்து புறப்பட்ட இப்னு பதூதா, உலகின் பெரும்பகுதியைச் சுற்றி, நம் தமிழ்க் கரைக்கும் வந்து சென்றார். அரசவைகளைப் பற்றி எழுதிய அதே கையால் அவர் வெற்றிலையைப் பற்றியும் தென்னையைப் பற்றியும் விரிவாக எழுதி வைத்தார். யாரோ ஒருவர் அவருக்கு வெற்றிலை மடித்துக் கொடுத்திருக்க வேண்டும்; யாரோ ஒருவர் இளநீர் சீவித் தந்திருக்க வேண்டும். அவர்கள் பெயர்களை வரலாறு குறித்து வைக்கவில்லை. எனினும், அவர்கள் கொடுத்ததைத்தான் அவர் ஊருக்கு எடுத்துச் சென்றார்.

நம்மிடம் வந்து படித்துச் செல்லும் மாணவன் நம் நாட்டிலிருந்து ஒரு பட்டச் சான்றிதழை எடுத்துச் செல்வான். அது எந்நாட்டிலும் கிடைக்கக்கூடியது. அதனோடு ஓர் அக்காவின் அதட்டலையும், ஒரு பிடிக் கொசுறையும், தோற்ற ஆட்டம் ஒன்றின் நினைவையும் அவன் எடுத்துச் செல்ல வேண்டும். அவன் ஊரில் யாரேனும் தமிழரைப் பற்றிக் கேட்டால், "அவர்கள் வீட்டில் நான் உண்டிருக்கிறேன்" என்று அவன் சொல்ல வேண்டும். என் வீட்டில் உண்ணாமல் திரும்பிப்போன ஒரு மாணவனிடம் நான் பட்ட கடனை, இனி வரும் மாணவர்களிடமாவது தீர்க்க முயல்கிறேன். படிக்கும் நீங்களும் துணை நிற்பீர்களாக.